கோர்டோபா, செவியா, கிரானடா: தெற்கு ஸ்பெயினை வரலாற்றின் வரிசையில் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கிரானடா போனபோது, அங்குள்ள கோட்டை அரண்மனையான அல்ஹாம்ப்ராவின் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன் நான். ஊருக்குப் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் காலையில் கவுன்ட்டரில் போய் நின்றேன். அந்த வாரம் முழுக்க இடமில்லை என்றார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் நடமாடக்கூடிய பகுதிகளைச் சுற்றி வந்து, எதிர்க்குன்றில் ஏறி, கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ரயில் ஏறினேன். அடுத்த முறை எல்லாவற்றையும் தலைகீழாகத் திட்டமிட்டேன். கடைசியில் பார்க்க வேண்டிய இடத்துக்கு முதலில் டிக்கெட், அதைச் சுற்றி மற்ற எல்லாம். கீழே எழுதியிருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் வரைபடம்.

தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியா மாநிலத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. நான் சொல்லப்போவது மூன்று ஊர்களை மட்டும்: கோர்டோபா, செவியா (ஆங்கிலத்தில் செவில் என்பார்களே, அதேதான்), கிரானடா. 8 நாட்கள் போதும். இந்த மூன்றையும் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் விமானம் எங்கே இறங்குகிறதோ அங்கிருந்து தொடங்கும். நான் வரலாறு போன வழியில் போகச் சொல்வேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. 756 முதல் கோர்டோபா உமையாக்கள் என்ற அரபு அரச குலத்தின் தலைநகரம். அந்த ஆட்சி 1031-இல் சிதறிய பிறகு, 12-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் அல்மொஹத்கள் செவியாவைத் தலைநகராக்கினார்கள். கடைசியாக மிஞ்சியது நஸ்ரிது என்ற முஸ்லிம் அரச குலத்தின் கிரானடா. விழுந்ததும் இதே வரிசையில்தான். வடக்கிலிருந்த கிறிஸ்தவ அரசான காஸ்டீலின் மன்னர்கள் கையில் கோர்டோபா 1236-இலும், செவியா 1248-இலும் போயின. கிரானடா மட்டும் 1492 வரை தாக்குப்பிடித்தது. நீங்களும் இதே வரிசையில் போனால் ஒவ்வோர் ஊரும் முந்தைய ஊருக்குப் பதில் சொல்வதைப் பார்ப்பீர்கள். அல்ஹாம்ப்ராவை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

படி 1: மற்ற எதற்கும் முன் அல்ஹாம்ப்ரா டிக்கெட்

விமான டிக்கெட்டுக்கும் முன்பா என்று கேட்டால், தேதியை முடிவு செய்யும் அதே நாளில் என்பேன். அல்ஹாம்ப்ரா என்பது ஒரு கட்டடமல்ல, குன்றின் மேல் ஒரு சிறு நகரம். அதன் உயிர் நஸ்ரிது அரண்மனைகள். அங்கே அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்திலிருந்து அரை மணிக்குள் நீங்கள் அந்த வாசலில் இருக்க வேண்டும். தாமதமானால் கெஞ்சிப் பயனில்லை.

அதிகாரபூர்வத் தளத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே விற்பனை தொடங்கிவிடும். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டை இரட்டிப்பு விலைக்கு விற்கும், பார்த்து வாங்குங்கள். வாங்க வேண்டியது 'ஜெனரல்' டிக்கெட்: நஸ்ரிது அரண்மனைகள், அல்கசாபா கோட்டை, ஹெனெராலிஃபே தோட்டம் மூன்றும் சேர்ந்தது. தோட்டமும் கோட்டையும் மட்டும் உள்ள இன்னொரு வகை உண்டு. மலிவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு, அரண்மனை வாசலில் போய் முழிப்பவர்களை இரண்டு முறையும் பார்த்தேன்.

ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுக்க வேண்டும், உள்ளே பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பார்கள். எனவே பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறதென்றால் முதலில் புதுப்பித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். எண் மாறிவிட்டால் வீண் வம்பு. டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று காட்டினால் உடனே கைவிட வேண்டாம். ரத்தாகும் டிக்கெட்டுகள் திரும்பத் தளத்துக்கு வரும், காலையும் இரவும் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். பகலில் கிடைக்கவில்லையென்றால் நஸ்ரிது அரண்மனைகளுக்கு மட்டுமான இரவு டிக்கெட் உண்டு. ஓவியம்போல் இருக்கும், ஆனால் நுணுக்கங்கள் கண்ணுக்குத் தெரியாது.

படி 2: எந்த மாதம்

ஏப்ரல், மே, அல்லது அக்டோபர், நவம்பர். நமக்கு வெயில் புதிதா என்று ஜூலையில் கிளம்பாதீர்கள். கோர்டோபாவிலும் செவியாவிலும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். 2021 ஆகஸ்டில் கோர்டோபா மாகாணத்தில் 47 டிகிரியைத் தாண்டியது. நம் ஊரில் வெயிலென்றால் ஆட்டோ பிடித்துவிடலாம். அங்கே பழைய நகரத்துச் சந்துகளில் கால்தான் வாகனம்.

வசந்தத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும், அதற்கு ஓரிரு வாரம் கழித்து வரும் செவியாவின் ஃபெரியா திருவிழாவிலும் விடுதி விலை எகிறிவிடும். ஊர்வலம் பார்க்கவே போகிறவர்களுக்குச் சரி, கட்டடம் பார்க்கப் போகிறவர்களுக்கு அது தொந்தரவு. மே மாத முற்பாதியில் கோர்டோபாவில் வீட்டு முற்றங்களைப் பூச்சட்டிகளால் அலங்கரித்துத் திறந்துவைப்பார்கள். 'பாத்தியோ' திருவிழா என்று பெயர், 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் அந்த இரண்டு வாரம் நல்ல நேரம்.

கிரானடா கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னணியில் சியெரா நெவாடா மலையில் பனி. ஏப்ரலில்கூட மாலைக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

படி 3: விசா

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாட்களில் பெரும்பகுதி ஸ்பெயினில் என்றால் ஸ்பெயினிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அல்ஹாம்ப்ரா டிக்கெட் பணம் போகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த டிக்கெட் 20 யூரோவைச் சுற்றித்தான், விசா வந்த பிறகு தேடினால் டிக்கெட் இருக்காது. நான் டிக்கெட் பக்கம் சாய்வேன்.

படி 4: ரயிலும் தங்குமிடமும்

மாட்ரிட்டில் இறங்குங்கள். விமான நிலையத்திலிருந்து அதோச்சா ரயில் நிலையத்துக்கு மஞ்சள் நிற விரைவுப் பேருந்தோ புறநகர் ரயிலோ கிடைக்கும். எல்லையில் இப்போது கைரேகை, முகப்படப் பதிவு எல்லாம் வந்துவிட்டதால் வரிசை நீளும். விமானம் தரையிறங்கி நான்கு மணி நேரமாவது கழித்துப் புறப்படும் ரயிலாகப் பாருங்கள்.

அதோச்சாவிலிருந்து கோர்டோபாவுக்கு அதிவேக ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஸ்பெயினின் முதல் அதிவேகத் தடமே இதுதான், செவியாவில் உலகக் கண்காட்சி நடந்த 1992-இல் திறந்தது. ரென்ஃபே தவிர இரியோ, ஊய்கோ என்று போட்டி நிறுவனங்களும் ஓட்டுகின்றன. முன்கூட்டி எடுத்தால் விலை பாதியாகும். ஏறுமுன் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே வழியை மூடிவிடுவார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் பழக்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கோர்டோபாவிலிருந்து செவியா முக்கால் மணி. செவியாவிலிருந்து கிரானடாவுக்கு ரயிலானாலும் பஸ்ஸானாலும் 3 மணி நேரத்தைச் சுற்றி ஆகும். பஸ் அடிக்கடி உண்டு, வழியெல்லாம் ஒலிவத் தோப்புகள். திரும்பக் கிரானடாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நேரடி ரயில், மூன்றரை மணி நேரத்துக்குள்.

இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: கோர்டோபாவில் 2, செவியாவில் 3, கிரானடாவில் 2. பலர் கோர்டோபாவை செவியாவிலிருந்து ஒருநாள் பயணமாக முடித்துவிடுவார்கள். தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அவர்கள் காலை எட்டரை மணியை இழக்கிறார்கள். அது எதற்கென்று அடுத்து சொல்கிறேன்.

படி 5: கோர்டோபா

இங்கே வந்த காரணம் ஒன்றே ஒன்று, மெஸ்கீத்தா. பள்ளிவாசலாகக் கட்டப்பட்டு இன்று கதீட்ரலாக இருக்கும் கட்டடம். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருபவர்களுக்கு இலவசம், சுற்றுலாக் குழுக்களுக்கு அனுமதியில்லை. விழா நாட்களில் மாறும், முதல் நாளே சரிபார்த்துக்கொள்ளுங்கள். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்தத் தூண்காடு அமைதியாக இருக்கும். பிறகு பகலில் டிக்கெட் எடுத்து இரண்டாம் முறை போங்கள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறையா என்பீர்கள். போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நான்கு கட்டங்களாக வளர்ந்த கட்டடத்தை அதே வரிசையில் நடந்து பாருங்கள். ஆரஞ்சு மரமுற்றத்திலிருந்து உள்ளே வந்ததும் நிற்பது முதலாம் அப்துர் ரஹ்மான் 785-வாக்கில் தொடங்கிய பகுதி. 750-இல் தன் உமையா குலத்தையே போட்டிக் குலமான அப்பாஸியர்கள் அழித்தபோது தப்பி ஓடி வந்த இளவரசன் அவன். தூண்களைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் ஆண்ட விசிகோதியரின் கட்டடங்களிலிருந்தும் பெயர்த்து வந்தவை. உயரம் போதவில்லை. அதனால் தூணுக்கு மேல் தூண் எழுப்பி, இரண்டு அடுக்காக வளைவு வைத்தார்கள். கீழ் வளைவு தூண்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துகிறது, மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது. சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல் என்று மாறிமாறி வைத்த அந்த வளைவுகள் பார்வை எட்டும் தூரம்வரை போகும். இன்றைக்கு மிஞ்சியிருப்பவை 856 தூண்கள்.

நேராகத் தெற்கே நடந்தால் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் விரிவாக்கம், அதைத் தாண்டி 10-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அல்-ஹகம் கட்டிய மிஹ்ராப். தொழுகைத் திசையைக் காட்டும் அந்த மாடத்தைச் சுற்றியுள்ள தங்க மொசைக்குக்கு வேண்டிய சில்லுகளைப் பைசாந்தியப் பேரரசர் கொடுத்து அனுப்பினார் என்று வரலாற்றுக் குறிப்பு உண்டு. கான்ஸ்டான்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் பள்ளிவாசலுக்கு அனுப்பிய சீர்!

பிறகு இடப்பக்கம், அதாவது கிழக்கே, நகருங்கள். அது தளபதி அல்மன்சூரின் விரிவாக்கம், 987-ஐ ஒட்டியது. தெற்கே ஆறு குறுக்கிட்டதால் பக்கவாட்டில் நீட்டினார்கள், அதனால்தான் மிஹ்ராப் இன்று நடுவில் இல்லை. அங்கே வளைவுகளை உற்றுப் பாருங்கள். சிவப்பு செங்கல்லால் வந்ததல்ல, கல்மேல் பூசிய வண்ணம். அவசரத்தில் கட்டியது ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது. இதே அல்மன்சூர் 997-இல் வடக்கே சாந்தியாகோ தே கொம்பொஸ்தெலாவைச் சூறையாடி, அந்தத் தேவாலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் சுமக்க வைத்து இங்கே கொண்டுவந்து விளக்காக்கினான் என்பார்கள். 1236-இல் ஊரைப் பிடித்த மூன்றாம் ஃபெர்னாந்தோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினான். இரண்டு கதையும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கிறது.

இப்போது நடுவுக்கு வாருங்கள். தூண்காட்டைப் பிளந்துகொண்டு ஒரு முழு கதீட்ரல் வானத்துக்கு எழும்புகிறது. 1523-இல் ஆயர் தொடங்கினார். நகர சபை எதிர்த்தது, வேலைக்குப் போகும் கைவினைஞருக்கு மரண தண்டனை என்றுகூட மிரட்டியது. வழக்கு மன்னர் ஐந்தாம் கார்லோஸிடம் போனது, அவர் ஆயர் பக்கம் தீர்த்தார். பிறகு நேரில் வந்து பார்த்தபோது, எங்கும் இருக்கும் ஒன்றைக் கட்டுவதற்காக எங்கும் இல்லாத ஒன்றை அழித்துவிட்டீர்களே என்று சொன்னதாக ஒரு வழக்கு. சொன்னாரோ இல்லையோ, இந்த மன்னரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு ஊரிலும் வருவார்.

மணிக்கோபுரம் ஏறத் தனி டிக்கெட். பள்ளிவாசலின் பழைய மினாரெட் (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) அதற்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. மாலையில் ரோமானியப் பாலத்தைக் கடந்து மறுகரையிலிருந்து ஊரைப் பாருங்கள். யூதர் தெருக்களில் 1315-இல் கட்டிய சிறு ஜெபக்கூடம் இருக்கிறது, பத்து நிமிடம் போதும். தத்துவ அறிஞர் மைமோனிதெஸ் பிறந்த ஊர் இது, இப்னு ருஷ்தும்கூட.

மறுநாள் பாதியை மெதினா அசஹராவுக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். 936-இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய அரண்மனை நகரம், உள்நாட்டுப் போரில் 80 ஆண்டுக்குள்ளேயே தரைமட்டமானது. இன்று இருப்பது அடித்தளமும் சில மண்டபங்களும்தான், நிழல் கிடையாது. திங்கள் விடுமுறை. முதலில் அருங்காட்சியகம், பிறகு இடிபாடு என்று போனால் கற்களுக்குப் பொருள் கிடைக்கும்.

படி 6: செவியா

செவியாவில் இறங்கும்போது மூக்குதான் முதலில் வேலை செய்யும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் தெருவெல்லாம் ஆரஞ்சுப் பூ வாசம். பழத்தைப் பறித்துக் கடித்துவிடாதீர்கள், கசப்பும் புளிப்பும் முகத்தைக் கோணவைக்கும். மர்மலேட் செய்யத்தான் உதவும். இந்தப் பழத்துக்கு ஸ்பானிய மொழியில் 'நரான்ஹா'. அரபியின் நாரஞ்ச், பாரசீகத்தின் நாரங்க், வடமொழியின் நாரங்க என்று பின்னோக்கிப் போனால், அது திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தையின் சொந்தக்காரப் பழம், இங்கே தெருவோரம் காய்த்துக் கிடக்கிறது.

முதல் நாள் காலை கதீட்ரல். பெரிய பள்ளிவாசலை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டியது, 15-ஆம் நூற்றாண்டு முழுக்க வேலை நடந்து 1506-இல் முடிந்தது. கோதிக் கதீட்ரல்களில் உலகிலேயே பெரியது. கோர்டோபாவில் பள்ளிவாசலை வைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள், இங்கே அழித்துவிட்டுக் கட்டினார்கள். விட்டுவைத்தவை மரமுற்றமும் மினாரெட்டும்தான். அந்த மினாரெட்டுதான் ஹிரால்டா. 1184-இல் தொடங்கி 1198-இல் முடிந்த கோபுரத்தின் மேல், 16-ஆம் நூற்றாண்டில் மணிக்கூடு ஏற்றினார்கள். ஏறுவதற்குப் படிக்கட்டு கிடையாது, 35 சரிவுப் பாதைகள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகலாம் என்பதற்காக அமைத்தது என்பார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு நல்ல செய்தி. கடைசியில் மட்டும் சில படிகள்.

உள்ளே கொலம்பஸின் கல்லறை. காஸ்டீல், லியோன், அரகோன், நவார் என நான்கு அரசுகளின் உருவங்கள் பெட்டியைத் தோளில் சுமந்து நிற்கும். கியூபாவை ஸ்பெயின் இழந்தபோது அங்கிருந்து கொண்டுவந்தது. அதற்கு முன்னே கூட்டம் மொய்க்கும், நான் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அல்காசர், காலை முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். இந்தப் பயணத்தின் திருப்புமுனை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அல்காசரைப் பார்த்ததும் அரபு அரண்மனை என்று நினைப்பீர்கள். அதன் நடுவிலுள்ள அரண்மனையைக் கட்டியது ஒரு கிறிஸ்தவ மன்னர், பேத்ரோ. அதுவும் ஊர் கைமாறி நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1364-இல். அந்தச் சமயம் கிரானடாவின் சுல்தானாக இருந்தவர் ஐந்தாம் முகமது. அதற்கு முன் அவரை விரட்டிய சதியில் பங்கெடுத்து, பிறகு அரியணையைப் பிடித்தவன் ஆறாம் முகமது. 1362-இல் அந்த ஆறாம் முகமதைச் செவியாவுக்கு வெளியே பேத்ரோ தன் கையாலேயே கொன்றார், ஐந்தாம் முகமது திரும்ப சுல்தானானார். கொல்லப்பட்டவனிடமிருந்து எடுத்த சிவப்புக் கல்தான் இன்று பிரிட்டிஷ் மகுடத்தில் இருக்கிறது என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. இந்த நட்பின் பலனாகக் கிரானடாவின் கைவினைஞர்களும் இங்கே வந்து வேலை செய்தார்கள்.

இப்போது பேத்ரோவின் அரண்மனை முகப்புக்கு எதிரே நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே நீல வெள்ளை ஓடுகளில் கட்டம் கட்டமாக ஒரு வடிவம். பூவேலை மாதிரி தெரியும், உண்மையில் அது அரபு எழுத்து. 'இறைவனன்றி வெற்றியாளர் வேறில்லை' என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. நஸ்ரிது சுல்தான்களின் முழக்கம் அது. அதைச் சுற்றி லத்தீன் எழுத்தில் பேத்ரோவின் பெயரும் பட்டங்களும். கிறிஸ்தவ மன்னரின் வாசலில் முஸ்லிம் அரச குலத்தின் வாசகம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கிரானடாவில் ஒப்பிட வேண்டும்.

உள்ளே கன்னியர் முற்றம், தூதர் மண்டபத்தின் 1427-ஆம் ஆண்டுத் தங்கக் கூரை, தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி, பின்புறம் பரந்த தோட்டம். 1526 மார்ச்சில் ஐந்தாம் கார்லோஸ் போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவை மணந்ததும் இந்த அல்காசரில்தான். மேல்தளத்தில் இன்றும் அரச குடும்பம் வந்தால் தங்குகிறது. அதைப் பார்க்கத் தனி டிக்கெட், கட்டாயமில்லை. மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

எதிரிலேயே இருக்கும் இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்துக்கு நுழைவு இலவசம். இங்கே 'இந்தியா' என்றால் அமெரிக்கக் கண்டம், நம் நாடல்ல. மாலை நேரத்துக்குப் பிளாசா தே எஸ்பாஞ்ஞா, 1929 கண்காட்சிக்குக் கட்டியது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் ஓட்டு மாடம். இரவில் த்ரியானா பக்கம் சிறிய அரங்கில் ஃப்ளமென்கோ பாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் பெரிய காட்சிகளைவிட, நாற்காலி போட்டு ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் இடம் மேல்.

கதீட்ரலைச் சுற்றி ரோஸ்மேரிக் கொத்தை உங்கள் கையில் திணிக்க வருவார்கள். வாங்கிக்கொண்டால் கைரேகை பார்க்கத் தொடங்கி, பிறகு பணம் கேட்டு விடமாட்டார்கள். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள். கிரானடாவிலும் இதே கதைதான்.

சாப்பாடு பற்றி ஒரு இடைக்குறிப்பு

மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவு 9 மணிக்கு. ஏழு மணிக்குப் பசித்தால் திறந்த சமையலறை கிடைப்பது கடினம். சைவர்கள் வெறுமனே 'சைவம்' என்று சொன்னால் போதாது, டுனா மீனையும் ஹாம் (பன்றி இறைச்சி) துண்டுகளையும் பலர் இறைச்சியாகவே எண்ணுவதில்லை. 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (இறைச்சி, மீன், ஹாம் இல்லாமல்) என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கோர்டோபாவின் சல்மொரேஹோ தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த கெட்டி சூப், மேலே தூவும் ஹாமை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அதற்காகவே இன்னொரு முறை போகலாம். செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த கூட்டு, சீரக வாசத்தோடு நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும். உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். கிரானடாவில் குடிக்க எதை வாங்கினாலும் ஒரு சிறுதட்டு தின்பண்டம் இலவசம்.

படி 7: கிரானடா

மாலை போய்ச் சேர்ந்தால் அன்றே அல்பைசின் குன்றில் ஏறி சான் நிகோலாஸ் முற்றத்தில் நில்லுங்கள். எதிரே அல்ஹாம்ப்ரா, பின்னால் பனிமலை. சூரியன் சாயும்போது கோட்டை செம்மண் நிறமாகும். அரபியில் அல்-ஹம்ரா என்றால் சிவந்தது. கூட்டத்தில் கைப்பையைக் கவனியுங்கள்.

மறுநாள்தான் அல்ஹாம்ப்ரா. அரண்மனை நேரம் 10 அல்லது 10.30 என்று எடுத்திருந்தால் மிக வசதி. நகர நடுவிலிருந்து சி30 சிறு பேருந்து போகும். ஆனால் மாதுளை வாயில் வழியாக மரநிழலில் இருபது நிமிடம் ஏறுவது இனிமை. டிக்கெட் கையில் இருப்பதால் பிரதான நுழைவுக் கூடத்துக்குப் போக வேண்டாம், அது குன்றின் மறுகோடி. 1348-இல் கட்டிய நீதி வாயில் வழியாகவே உள்ளே போகலாம். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

8.30 மணிக்கு உள்ளே போய் முதலில் அல்கசாபா. 1238-இல் நஸ்ரிது குலத்தின் முதல் சுல்தான் இங்கே குடியேறிய காலத்துக் கோட்டை. 1492 ஜனவரி 2 அன்று கடைசிச் சுல்தான் போவாப்தில் சாவியைக் கொடுத்த பிறகு வேலா கோபுரத்தின் உச்சியில்தான் வெற்றியாளர்களின் கொடி ஏறியது. அதை முடித்துவிட்டு ஒன்பதே முக்காலுக்கு அரண்மனை வாசலில் நில்லுங்கள்.

உள்ளே ஒரு மணி நேரம் என்று திட்டமிட்டு, ஒன்றரை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் விரட்டமாட்டார்கள், ஆனால் வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். முதலில் மெஸ்வார், வழக்கு கேட்ட இடம். பிறகு கோமாரெஸ் அரண்மனை: நீண்ட குளம், அதில் தலைகீழாகக் கோபுரம். கோபுரத்துக்குள் தூதர் மண்டபம். அதன் கூரை 8,017 மரத்துண்டுகளைப் பொருத்திச் செய்த விண்மீன் கூட்டம், ஏழு வானங்களின் குறிப்பு. இங்கே சுவரில் செவியாவில் எடுத்த படத்தை வைத்துத் தேடுங்கள். அதே வாசகம், 'இறைவனன்றி வெற்றியாளர் வேறில்லை', கைக்கெட்டும் உயரத்திலிருந்து கூரை வரை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் திரும்பிய பக்கமெல்லாம் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டாம், வெறும் சுண்ணமும் ஜிப்சமும்தான், விரல் பட்டால் தேயும்.

அடுத்தது சிங்க முற்றம். பேத்ரோவின் நண்பர் ஐந்தாம் முகமது, செவியாவில் அல்காசர் எழுந்த அதே ஆண்டுகளில் கட்டியது. 124 மெல்லிய தூண்கள், நடுவே 12 சிங்கங்கள் தாங்கும் பளிங்குத் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் 12 அடிகள் செதுக்கியிருக்கின்றன. எது நீர், எது பளிங்கு, எது ஓடுகிறது என்று தெரியவில்லை என்ற பொருளில் போகும் அந்தக் கவிதை. இரு சகோதரிகள் மண்டபத்தில் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பட்டகங்களால் தொங்கும் தேனடைக் கூரை. பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்பதே மறந்துபோகும். எனக்கு மறந்தது.

வெளியே வந்து பர்தால் தோட்டம் வழியாக ஹெனெராலிஃபேக்கு நடக்கலாம். சுல்தானின் கோடை வீடு. இங்கே கேட்கும் நீரின் சத்தமெல்லாம் சுமார் 6 கிலோமீட்டர் மேலே தார்ரோ ஆற்றிலிருந்து வெட்டி வந்த அரச வாய்க்காலின் வேலை. குன்றின் மேல் தண்ணீர் இல்லையென்றால் இந்த நகரமே இல்லை. நீர்ப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்களின் மேல் வாய்க்காலாகவே நீர் ஓடும், கையை நனைத்துக்கொண்டே ஏறுங்கள்.

திரும்பும் வழியில் ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை. டிக்கெட் இல்லாமலே முற்றத்தைப் பார்க்கலாம். முதல் பயணத்தில் எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். செவியாவில் திருமணம் முடித்து தேனிலவுக்கு இங்கே வந்த மன்னர், இடம் பிடித்துப்போய் 1527-இல் சுல்தான்களின் அரண்மனையை ஒட்டியே இதை எழுப்பத் தொடங்கினார். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம், மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையில் அபாரமான ஒன்று. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு வரை முழுக் கூரைகூட இல்லாமல் கிடந்தது, எந்த மன்னரும் இதில் குடியிருக்கவில்லை. கோர்டோபாவில் அந்த வாக்கியத்தைச் சொன்னதாகச் சொல்லப்படும் அதே மனிதர்தான்.

மூன்றாம் நாள் காலை நகரின் நடுவே அரச ஆலயம். கிரானடாவை வென்ற இசபெல்லாவும் ஃபெர்தினாந்தும் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். மேலே பளிங்குச் சிலைகளோடு பெரும் நினைவுச் சின்னம். பக்கத்துச் சிறு படிக்கட்டில் குனிந்து கீழே இறங்குங்கள். தாழ்ந்த அறையில் இரும்புப் பட்டை போட்ட சாதாரண ஈயப் பெட்டிகள், அலங்காரம் எதுவுமில்லை. மேலே சிலையைப் படம் பிடித்துவிட்டுக் கீழே பார்க்காமலே போகிறவர்கள்தான் அதிகம். ரயில் மதியம் என்றால் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். ரயில் நிலையம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான், பெட்டியை இழுத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம்.